நாலு பத்துக்குப் பிறகு

ஜூன் 24, திங்கள்

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்தது. புள்ளியியல் துறையில் இந்த வருடமும் எனக்கு வாரம் பதினாறு மணி நேர வகுப்பு. அடுத்த மே வரை ஒப்பந்தத்தை நீட்டித்த கடிதம் கைக்கு வந்துவிட்டது.

மதியம் மாணவர் நலன் டீன் செபாஸ்டின் சார் கூப்பிட்டு அனுப்பினார். போன வருடம் வந்துபோன தரமதிப்பீட்டுக் குழு ஒரு குறை எழுதி வைத்திருக்கிறது. மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் தினமும் ஊரிலிருந்து வந்து போகிறவர்கள். ஆனால் மன்றம், விளையாட்டு, கலைவிழா எதிலும் அவர்களைக் காணவில்லை, எல்லாம் விடுதிப் பிள்ளைகள் மட்டுமே என்று. டிசம்பரில் மறுபடி வருகிறார்கள். அதற்குள் ஏதாவது செய்து காட்ட வேண்டும். டே ஸ்காலர் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பொறுப்பு புதிதாக உண்டாக்கியிருக்கிறார்கள், அது எனக்கு. நிரந்தர இடம் நிரப்பும்போது இதெல்லாம் பார்ப்பார்கள் என்று சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரி என்றேன்.

என் மகள் அகல்யாவுக்கு இது இரண்டாம் ஆண்டு, இயற்பியல். போன வருடம் மாதிரியே என் ஸ்கூட்டரில் என்னோடு வந்து என்னோடு திரும்புகிறாள். நாலு இருபதுக்குக் கிளம்பி நாலு ஐம்பதுக்கு வீடு.

அகல்யாவின் அப்பா ஓசூரிலிருந்து போன் செய்தார். இந்தச் சனிக்கிழமையும் வர முடியாதாம். கம்பெனியில் ஆடிட்.

ஜூலை 3, புதன்

மன்றங்களின் பதிவேடுகளை வாங்கிப் பார்த்தேன். மொத்த மாணவர்கள் 2,840. அதில் ஊரிலிருந்து வருகிறவர்கள் 1,907. மன்றங்களில் பெயர் கொடுத்தவர்கள் 412 பேர். அந்த 412இல் ஊரிலிருந்து வருகிறவர்கள் 37.

எல்லா மன்றமும் மாலை நாலரைக்குத்தான் கூடுகிறது. பல்கலைக்கழகப் பேருந்துகள் ஏழும் நாலு பத்துக்குப் போய்விடுகின்றன. இதை டீனிடம் சொன்னபோது, ஆர்வம் இருந்தால் எப்படியாவது இருப்பார்கள், ஆர்வமே இல்லை என்றார். அப்படியும் இருக்கலாம். என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். அகல்யாவுக்குக் கூட்டம் பிடிக்காது. மணி நாலு பன்னிரண்டுக்கெல்லாம் ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றுவிடுவாள்.

வாஷிங் மெஷின் மறுபடி தண்ணீர் விடுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைவிட வண்டியில் ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றியது. இன்று தேவாரம் போகும் நாலாம் எண் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போனேன். ஸ்கூட்டரை வளாகத்திலேயே விட்டுவிட்டு, அகல்யாவை நம் ஊர் வழியாகப் போகும் இரண்டாம் எண் பேருந்தில் ஏற்றிவிட்டேன். வீடு சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னேன். அவள் செய்வதற்குள் நானே மூன்று முறை செய்துவிட்டேன்.

வண்டியில் அறுபது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் தூங்கினார்கள். ஒரு பெண் மடியில் நோட்டை வைத்து ஆய்வக ரெக்கார்டுக்குப் படம் வரைந்துகொண்டு வந்தாள். வளைவு வரும்போது பென்சிலைத் தூக்குவாள், நேரானதும் வைப்பாள். பின்சீட்டில் ஒரு கூட்டம் பாட்டுக்குப் பாட்டு விளையாடியது. ஓட்டுநர் போத்திராஜ் அண்ணன் பன்னிரண்டு வருடமாக இந்தத் தடத்தில் ஓட்டுகிறார். எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரியும், யாருக்கு எந்தப் பரீட்சை போனது என்றும் தெரியும்.

"மேடம், இவங்களுக்குக் காலேஜுங்கிறது இந்த வண்டிதான்," என்றார். "அங்க வகுப்பு நடக்குது. அவ்வளவுதான்."

கடைசி நிறுத்தத்தில் இறங்கிய பெண்ணின் பெயர் முத்துப்பேச்சி. மூன்றாம் ஆண்டு வரலாறு. அங்கிருந்து மலையடிவாரத்தில் இருக்கும் அவள் ஊருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலை ஆறு இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பள்ளியில் உயரம் தாண்டுவதில் மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்தவளாம். நம் மைதானத்தில் தாண்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். மைதானம் கேண்டீனுக்குப் பின்னால்தானே இருக்கிறது, அந்தப் பக்கம் போனதில்லை என்றாள்.

நான் டவுன் பஸ் பிடித்து வீடு வந்தபோது ஏழே கால். அகல்யா வாசல் விளக்கைப் போட்டு வைத்திருந்தாள். தோசையும் வார்த்து வைத்திருந்தாள்.

ஜூலை 12, வெள்ளி

கேஸ் சிலிண்டர் வந்தது. மழை.

ஜூலை 19, வெள்ளி

ஏழு தடத்திலும் போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சீட்டு கொடுத்தேன். ஒரே ஒரு கேள்வி: மாலை நாலு பத்துக்குப் பிறகு வளாகத்தில் இருக்க உங்களைத் தடுப்பது எது? பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போத்திராஜ் அண்ணன் இஞ்சின் மேல் ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்து, போடாமல் யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மற்ற வண்டிகளிலும் அதே மாதிரி செய்யச் சொன்னேன்.

ஜூலை 21, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் சீட்டுகளைக் கொட்டிப் பிரித்தேன். திரும்பி வந்தவை 1,163. அகல்யா ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து எண்ணினாள். பிறகு தலைவலி என்று உள்ளே போய்விட்டாள்.

பேருந்து இல்லை: 611. வீட்டில் அனுமதி இல்லை: 248. வீட்டு வேலை, மாடு, கடை, தம்பி தங்கை: 133. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை: 121. பிற: 50.

'யாரும் கூப்பிடவில்லை' என்று 121 பேர் எழுதுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவன், "நோட்டீஸ் போர்டு விடுதி வாசலில் இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தான். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். நானும் ஒன்பது வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன்.

இரண்டாம் எண் வண்டியின் சீட்டுக் கட்டில் ஒன்று எந்த வகையிலும் சேரவில்லை. "என் அம்மா" என்று இரண்டே சொல். வீட்டு அனுமதியில் சேர்க்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அம்மா உடம்பு சரியில்லாதவராக இருக்கலாம். பிள்ளை அம்மாவிடம் கேட்காமலே இருந்திருக்கலாம். 'பிற' கட்டில் வைத்தேன். 'ம்' மேல் புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம் போட்டிருந்தது. நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இரவுக்கு உப்புமா. அகல்யாவுக்குத் தலைவலி போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது என்றாள்.

ஜூலை 26, வெள்ளி

டீனிடம் அறிக்கை கொடுத்தேன். நாலு யோசனை. புதன்கிழமை மதிய இடைவேளையைப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை நீட்டி மன்றங்களை அதற்குள் நடத்துவது. புதன் மட்டும் ஆறே காலுக்கு இரண்டாவது நடை பேருந்து விடுவது. பழைய ஜெராக்ஸ் அறையை ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒதுக்கி, பை வைக்கப் பூட்டுப் போட்ட அலமாரி கொடுப்பது. மாணவர் பேரவையில் அவர்களுக்கென்று ஒரு இடம்.

போக்குவரத்து அலுவலர் டீசல், ஓட்டுநர், டயர் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் பிள்ளைகள் அதிகமாக உள்ள இரண்டாம், நாலாம் தடத்துக்கு மட்டும் சோதனையாக இரண்டு மாதம் விடலாம் என்று முடிவானது. நாலாம் தடத்துக்கு யார் ஓட்டுவது என்று கேட்டதும் போத்திராஜ் அண்ணன் கை தூக்கிவிட்டாராம்.

ஓசூரில் அவருக்கு இந்த வாரமும் வேலை. போனில் அகல்யாவோடு கொஞ்ச நேரம் பேசினார். எனக்குக் குக்கரில் விசில் வந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முத்துப்பேச்சியின் ஊருக்குப் போனேன். தாமத வண்டிக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று படிவம் கொடுத்திருந்தோம். அந்த நிறுத்தத்தில் இறங்கும் மூன்று பெண்களில் இரண்டு பேர் கொண்டுவந்துவிட்டார்கள், இவள் மட்டும் வெறும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்கிறார் என்றாள். உடற்கல்வி இயக்குநர் அவள் தாண்டுவதை ஒரு மதியம் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று என்னிடம் கேட்டிருந்தார். அதனால்தான் போனேன்.

அவள் அப்பா செல்லக்காளை விடிகாலையில் ஜீப்பில் மலை ஏறி கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர். ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் படியில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. வண்டி ஏழு மணிக்கு நிறுத்தத்துக்கு வரும், தான் ஜீப்பை விட்டு இறங்க ஏழரை ஆகும், அந்த அரை மணி நேரம் யார் பொறுப்பு என்றார். மூன்று பெண்களும் சேர்ந்தே நடப்பார்கள், ஓட்டுநர் ஊர் விளக்கு வரை கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார், அவளுக்கு இருபது வயது ஆகிறது, இதில் ஒரு பரிசு வாங்கினால் வேலைக்குக்கூட உதவும் என்று நான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு,

"உங்களுக்குப் பிள்ளைக இருக்கா டீச்சர்?" என்றார்.

ஒரு பெண் இருக்கிறாள், இதே பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாள் என்றேன்.

"அது இருக்குமா, ஆறு மணி வரைக்கும்?"

அவளுக்கு இதிலெல்லாம் விருப்பம் இல்லை என்றேன். முத்துப்பேச்சி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்று என்னைப் பார்த்தாள். பேச்சு வேறு பக்கம் போனது. எனக்குக் கொஞ்சம் ஏலக்காய் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

முதல் தாமத வண்டி. இரண்டாம் தடத்தில் 19 பேர், நாலாம் தடத்தில் 12 பேர். அலுவலகத்தில் ஒருவர், இதற்கா இவ்வளவு என்று கேட்டார்.

வண்டி கிளம்பும் வரை நான் இருக்க வேண்டும் என்பதால் அகல்யாவும் இருக்க வேண்டியதாயிற்று. ஜெராக்ஸ் அறையில் உட்கார்ந்து படித்துக்கொள் என்றேன். சுண்ணாம்பு அடித்து இரண்டு பெஞ்ச் போட்டிருக்கிறோம். அலமாரி இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

45 பேர். அலமாரி வந்தது, சாவி பொருந்தவில்லை.

அறைச் சுவரில் ஏழு தடத்தின் நேரமும், எந்த மன்றம் எந்த அறையில் கூடுகிறது என்பதும் ஒரு பெரிய தாளில் எழுதி ஒட்டியிருந்தது. யார் எழுதியது என்று கேட்டேன். அகல்யா என்றார்கள். நான் சொல்லவில்லை, அவளாக எழுதியிருக்கிறாள். கையெழுத்து நன்றாக இருக்கிறது. தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. 'ம்' மேலெல்லாம் சின்னச் சின்ன வட்டம்.

ஆகஸ்ட் 28, புதன்

82 பேர். நாலாம் வண்டியில் இடம் இல்லாமல் நின்றுகொண்டு போனார்கள். செப்டம்பரிலிருந்து திங்கள், வெள்ளியும் விடலாம் என்று டீனே சொன்னார். பேரவையில் டே ஸ்காலர் பிரதிநிதி என்ற இடத்துக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. அதற்கு நான்தான் தேர்தல் அலுவலர்.

ஐந்தரை மணிக்கு அறைப் பக்கம் போனபோது உள்ளே சிரிப்புச் சத்தம். நாலாம் வண்டிப் பெண்கள் ஆறேழு பேர். நடுவில் அகல்யா யாரோ ஒரு பேராசிரியர் மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். யார் மாதிரி என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அகல்யா பையை எடுத்துக்கொண்டு, போகலாமா அம்மா என்றாள். மணி ஐந்தரைதான் ஆகிறது, வண்டி ஆறே காலுக்குத்தான் என்றேன். பரவாயில்லை, ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கிறேன் என்று போய்விட்டாள்.

ஸ்கூட்டரில் வரும்போது யாரை நடித்துக் காட்டினாய் என்று கேட்டேன். காற்றில் கேட்கவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 5, வியாழன்

வேட்புமனு கடைசி நாள். பெட்டியைத் திறந்தேன். நாலு மனு. மூன்றாவது அகல்யாவினுடையது. முன்மொழிந்தவர் முத்துப்பேச்சி. வழிமொழிந்த இடத்தில் ஒருவர் போதும், ஒன்பது பேர் போட்டிருந்தார்கள்.

டீனிடம் கொண்டுபோனேன். அவர் விதிமுறைத் தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். விதி ஒன்பது: தேர்தல் அலுவலரின் நெருங்கிய உறவினர் போட்டியிட இயலாது. இந்த விதிகளை எழுதியதே நான்தான். பொறுமையாகத்தான் பேசினார். மகளை விலகச் சொல்லுங்கள், அதுதான் எல்லோருக்கும் சுலபம். டிசம்பரில் குழு வரும்போது இந்த வேலை முழுவதும் உங்கள் பெயரில் இருக்கும், அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

வீட்டில் சாம்பார் வைத்தேன். சாப்பிடும்போது, மனு போட்டதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லத்தான் இருந்தேன் என்றாள். விதி ஒன்பதைச் சொன்னேன். டீன் சொன்னதையும் சொன்னேன். அடுத்த வருடம் நின்றுகொள்ளலாமே, அதற்குள் எனக்கும் ஒரு வழி பிறந்துவிடும் என்றேன்.

"சரி," என்றாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போனாள். அகல்யா எதற்கும் அடம் பிடிக்கிற பிள்ளை இல்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலை முதல் வகுப்புக்கு முன்பே விலகல் படிவம் என் மேசையில் இருந்தது. காரணம் என்ற இடத்தில் "வீட்டில் அனுமதி இல்லை" என்று எழுதியிருந்தாள்.

கோப்பில் வைத்தேன். விலகியவர்கள் பட்டியலைப் பத்தாம் தேதி மாலைதான் ஒட்ட வேண்டும்.

மதியம் முத்துப்பேச்சி வந்தாள். காலையில் விஷயம் தெரிந்திருக்கிறது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோபமாகவும் பேசவில்லை. அவள் அப்பா மாதிரியே குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"எங்க அப்பாகிட்ட பேசுறதுக்கு நீங்க வீட்டுக்கே வந்தீங்க மேடம். அகல்யா அம்மாகிட்ட யாரு வந்து பேசுறது?"

இது விதி சம்பந்தப்பட்டது என்று சொல்ல ஆரம்பித்தேன். பெல் அடித்துவிட்டது. அவள் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் திட்ட விலக்கம் நடத்தினேன். பாதியில் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டு, ஒரு பையன் சொல்லித் திருத்தினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அவர் வந்திருந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு. நேற்றுக் காலை வந்தவர் இன்று மதியமே கிளம்பிவிட்டார். போகும்போது அலமாரியிலிருந்து தன் ஸ்வெட்டரையும், வீட்டிலேயே வைத்திருந்த பழைய ஷேவிங் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். ஓசூரில் இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டதாம். பஸ் ஸ்டாண்ட் வரை அகல்யா கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்தவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

மாலையில் சீட்டுக் கட்டுகளை மறுபடி எடுத்தேன். 'பிற' கட்டிலிருந்து அந்த ஒரு சீட்டை எடுத்து 'வீட்டில் அனுமதி இல்லை' கட்டில் வைத்தேன். 249. பிற 49.

செப்டம்பர் 9, திங்கள்

ஒருங்கிணைப்பாளர் பொறுப்பிலிருந்தும் தேர்தல் அலுவலர் பொறுப்பிலிருந்தும் விடுவிக்கும்படி கடிதம் கொடுத்தேன். டீன் இரண்டு முறை படித்தார். இன்னும் மூன்று மாதம் இருந்தால் போதுமே என்றார். அறிக்கையில் இனிமேல் என் பெயர் வராது என்பதையும் சொன்னார். தெரியும் என்றேன். தமிழ்த் துறை கதிரேசனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மனிதர், கொஞ்சம் மறதி. கோப்புகளையெல்லாம் வரிசைப்படுத்தி மேலே குறிப்பு எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

அகல்யாவின் விலகல் படிவத்தைக் கோப்பில் கொடுக்கவில்லை. பட்டியல் நாளை மாலைதான் என்பதால் திரும்பப் பெற இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வைத்தேன்.

நான் பொறுப்பை விட்டுவிட்டேன், நீ நிற்கலாம் என்றேன்.

"எனக்காகவா?"

"விதி ஒன்பதுக்காக."

அவள் சிரிக்கவில்லை. கீரையை நகர்த்தி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஜெயிச்சா வாரத்துல மூணு நாள் ஏழு பத்துக்குத்தாம்மா வருவேன். நீ என்ன பண்ணுவ?"

நான் என்ன பண்ணுவேன், வேலையா இல்லை, பேப்பர் திருத்துவேன், துணி மடிப்பேன் என்றேன்.

"அப்பா ஓசூர் போன பிறகு நீ ஒரு நாள்கூடத் தனியா வந்து இந்தப் பூட்டைத் திறந்ததில்ல. போன வருசம் எனக்கு ஆறு நாள் டூர் இருந்துச்சு. உங்கிட்ட சொல்லவே இல்ல. கூட்டம் பிடிக்காதுன்னு நீயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்த. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. போய் இறக்கி வைத்தேன். அடுப்பைத் துடைத்தேன், பக்கத்து அடுப்பையும் துடைத்தேன். திரும்பி வந்து, எனக்கு நாலு மணிக்கு மேல் இந்த வீடு கொஞ்சம் கஷ்டம்தான் என்று சொன்னேன். சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தெரியும்மா," என்றாள்.

பிறகு அந்தப் படிவத்தை நாலாக மடித்து, கீரைத் தண்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

பிரச்சாரத்துக்கு மதிய இடைவேளையில் மூன்று நாள்தான் அனுமதி. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜன்னல் வழியாகக் கொஞ்சம் கேட்டது. அகல்யா மேடை மேல் ஏறாமல் தரையில் நின்றே பேசினாள் போலிருக்கிறது, தலை தெரியவில்லை. நோட்டீஸ் போர்டை விடுதி வாசலிலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று சொன்னது காதில் விழுந்தது. கை தட்டினார்கள்.

நிரந்தர இடத்துக்கான விளம்பரம் ஜனவரியில் வருமாம். பார்க்கலாம்.

செப்டம்பர் 18, புதன்

வாக்குப்பதிவு. காலை வண்டிகளிலேயே பெட்டி வைத்துவிட்டார்கள். யோசனை போத்திராஜ் அண்ணனுடையது. வளாகத்துக்கு வந்துவிட்டால் இவர்களைப் பிடிக்க முடியாது, வண்டியில்தான் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்றாராம். நிழல் பார்த்து நிறுத்தி, பத்து நிமிடத்தில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 1,488 வாக்கு. பேரவையின் மற்ற எந்த இடத்துக்கும் இவ்வளவு பேர் போட்டதில்லை என்று கதிரேசன் வந்து சொன்னார்.

மாலை ஐந்து மணிக்கு எண்ணி முடித்தார்கள். போடித் தடத்து மாணவன் தமீம் 531. அகல்யா 514. மற்ற இருவரும் மீதி.

பதினேழு வாக்கு. நானாக இருந்தால் மறுபடி எண்ணச் சொல்லியிருப்பேன். அகல்யா வேண்டாம் என்றுவிட்டாள்.

கதிரேசனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் வேலை பாக்கி இருந்ததால் போன புதன் மாதிரியே இன்றும் ஆறே கால் வரை இருந்தேன். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, இட்லி மாவு அரைத்தாயா என்று கேட்டாள். அரைக்கவில்லை. இரண்டு பேரும் கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 20, வெள்ளி

டீன் வராந்தாவில் நிறுத்தி, எதற்காக விட்டீர்கள், கடைசியில் இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். 1,488 நல்ல எண்ணிக்கை சார் என்றேன்.

முத்துப்பேச்சி பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். செல்லக்காளை ஒரு மாதம் என்று சொன்னது முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். புதன்கிழமை ஜீப்பிலிருந்து சீக்கிரமே இறங்கி நேராக நிறுத்தத்துக்கு வந்து நின்றாராம்.

செப்டம்பர் 25, புதன்

பொறுப்பை ஒப்படைக்கும் வேலையும் முடிந்துவிட்டது. எனக்கு இனி புதன்கிழமை இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அகல்யாவுக்கு இருக்கிறது. தமீம் அறைப் பொறுப்பை அவளிடம் கொடுத்திருக்கிறான், சாவி அவளிடம்தான். போட்டிக்குப் போகும் பெண்களோடு மைதானத்திலும் ஏதோ வேலை. காலையிலேயே சொல்லிவிட்டாள். நான் இரண்டாம் வண்டியில் வந்துவிடுகிறேன், நீ கிளம்பிவிடு என்று.

நாலு இருபதுக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். பின்சீட் இல்லாமல் வண்டி லேசாக ஓடியது. நாலு நாற்பத்தைந்துக்கே வீடு. பூட்டைத் திறந்தேன். சாவி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, எண்ணெய் விட வேண்டும்.

டீ போட்டேன். இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு இரண்டையும் நானே குடித்தேன். துணி மடித்தேன். பதினெட்டு விடைத்தாள் திருத்தினேன். ஐந்தே முக்காலுக்கு அவருக்குப் போன் செய்தேன். எடுத்தார். அகல்யா பதினேழு வாக்கில் தோற்றதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அடுத்த மாதமாவது வருவீர்களா என்று கேட்டேன். நான் இப்படி நேராகக் கேட்டு ரொம்ப நாளாகிறது. வருகிறேன், வந்து பேசலாம் என்றார். என்ன பேச வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். சரி என்று வைத்தேன். பிறகு இன்னும் ஐந்து தாள் திருத்தினேன்.

ஆறு ஐம்பதுக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தேன். அங்கே ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டி.வி.எஸ். வண்டியில் சாய்ந்து நின்ற ஒருவர், இரண்டாம் நம்பருக்கா, புதுசா வர்றீங்களா என்று கேட்டார். ஆமாம், இன்றுதான் முதல் நாள் என்றேன். ஏழு பத்துக்குச் சரியாக வந்துவிடும், பயப்படாதீங்க என்றார். அவருக்கு நான் யாரென்று தெரியவில்லை.

ஏழு பன்னிரண்டுக்கு வந்தது. அகல்யா இறங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பி உள்ளே இருந்தவர்களிடம் எதையோ சொல்லி முடித்தாள். வண்டி நகர்ந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"எதுக்கும்மா வந்த?"

"பால் வாங்க வந்தேன்."

வழி நெடுக அவள்தான் பேசினாள். அலமாரிச் சாவி, முத்துப்பேச்சியின் புதுக் காலணி, தமீமுக்குக் கூட்டத்தில் பேசவே தெரியவில்லை, எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டைப் பெயர்க்கப் போகிறார்கள். நான் இடையில் எதுவும் கேட்கவில்லை. பால் கடையைத் தாண்டி வந்துவிட்டோம். அவளும் அதைச் சொல்லவில்லை.

காலைக் காப்பிக்குப் பால் இல்லை.